கோட்டுக்கு இந்தப் பக்கம்

வெயில் ஜன்னலை விட்டு இறங்கி மேசைக்கால் வரை வந்துவிட்டது, நான் இன்னும் ஒரு புத்தகத்தை எடுத்தபாடில்லை. எடுப்பதற்கு என்ன, மருத்துவ அலமாரி எட்டி நடந்தால் வந்துவிடும், இந்தக் கிளை நூலகத்தில் எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், ஆனால் அந்த அலமாரியின் முன்னால் போய் நின்றதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. நின்றுவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். காலையிலிருந்து இதே வேலைதான். அருப்புக்கோட்டையில் யாருக்கு எதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தோன்றினாலும் நேராக என்னிடம் வருவார்கள். தேனீ வளர்க்கப் போகிறேன் என்பார் ஒருவர், பங்குச் சந்தை என்பார் இன்னொருவர், ஜோசியம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்ட தலைமையாசிரியர்கூட உண்டு. தேனீயைக் கண்டால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவள் நான், எனக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது, எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். அட்டையைப் பார்க்கக் கூடாது, முன்னுரையைப் பார்க்கவே கூடாது. புத்தகத்தை மூடியபடி பிடித்துத் தாள்களின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். படித்தவர்களின் விரல் அழுக்கு அங்கே படிந்திருக்கும். எவ்வளவு தூரம் படித்தார்களோ அவ்வளவு தூரம் பழுப்பு, அதற்குமேல் அச்சகத்திலிருந்து வந்த அதே வெள்ளை. பெரிய பெரிய அறிஞர்கள் எழுதிய புத்தகங்களில் அழுக்கு முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடும், பாவம், ஆள் அங்கேயே மூச்சுமுட்டிச் செத்திருப்பான். பெயரே தெரியாத யாரோ எழுதிய ஒன்றில் கடைசித் தாள் வரைக்கும் பழுப்பேறியிருக்கும். அதுதான் முதல் புத்தகம், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இந்த ரகசியத்தை மேலதிகாரிகளிடம்கூடச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சாப்பிடும்போது எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் பஜாரில் ரவிக்கை தைக்கிறார், தவசிலிங்கம் டைலர் என்றால் தெரியும். ஏன் பாக்கியம், உன் உத்தியோகம் அழுக்குப் பார்க்கிற உத்தியோகமா, அப்படியானால் வண்ணான் துறைக்கே போயிருக்கலாமே என்று சிரிப்பார். சிரிப்பார் என்று சொல்கிறேன், அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தால் பிடி கிடைக்கவில்லை.

அக்கா, காளான் வளர்க்குறதப் பத்திப் பொஸ்தகம் இருக்கா என்று ஒரு பெண் வந்து நிற்கிறாள். புதிதாக உறுப்பினரான முத்துச்செல்வி, கைத்தறிக்காரத் தெருவில் இருக்கிறாள், நெற்றியில் வேர்வை, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறதாம். எனக்குக் கால் தானாக எழுந்து நடக்கிறது. வேளாண்மை வரிசை, மூன்று புத்தகங்கள், பக்கவாட்டில் ஒரு பார்வை, இரண்டைத் திரும்பச் சொருகிவிட்டு ஒன்றை அவள் கையில் வைக்கிறேன். இதப் படி, முடிச்சுட்டு வா, அடுத்தது தாரேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போகிறாள், பிரசாதம் வாங்கினவள் மாதிரி. மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது. ஊருக்குத்தான் உபதேசம், எனக்கு இல்லை. காளான் வராவிட்டால் என்ன, கொட்டகை மறுபடி சும்மா கிடக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு வந்தாலும் பரவாயில்லையே, வந்திருப்பது அவருக்கு, அவர் கைக்கு. வேறு எதற்காவது வந்திருக்கக் கூடாதா, காலுக்கு, காதுக்கு, ஏன் கைக்கு, ஒரு டைலர் கைக்கு, என்று நினைத்து, காலுக்கு வந்தால் மட்டும் நல்லதா, மிஷினை எதால் மிதிப்பார் என்று நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன். பேப்பர் படிக்கிற பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார், வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டுச் சமாளிக்கிறேன். வேண்டாம்மா என்கிறார்.

நாளைக்கு மதுரை. நரம்பு டாக்டர். அதற்குள் எனக்குக் கொஞ்சமாவது தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது, கரைத்துக் குடிக்க வேண்டாம், ஒரு கேள்வி கேட்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். போன மாதம் இங்கே உள்ளூர் டாக்டரிடம் போனபோது நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் வீட்டுக்காரரிடம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார், அப்புறம் ஒரு தாளைக் கொடுத்துப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். இவர் எழுதினார், தவசிலிங்கம், அதன் கீழே தவசிலிங்கம், அதன் கீழே இன்னொரு தவசிலிங்கம், ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னதாக, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, கடைசியில் ஒரு எறும்பு வரிசைதான் இருந்தது. இவர் அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கின்சன் மாதிரித் தெரியுது, மதுரைக்கு எழுதித் தாரேன் என்றார் டாக்டர். பிறகு அந்த நல்ல மனுஷன் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு எதும் கேக்கணுமாம்மா என்றார். ஒண்ணுமில்லிங்க என்றேன். ஒண்ணுமில்லிங்க. அந்த வார்த்தை அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாகக் கிடக்கிறது. ஒண்ணுமில்லாமலா இருந்தது, உள்ளே ஆயிரம் இருந்தது, ஆனால் ஒன்றாவது கேள்வியாக உருவெடுக்க வேண்டுமே. கேள்வி கேட்பதற்கே கொஞ்சம் பாடம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. எத்தனை பேரை இந்த மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன், எதப் பத்தி என்று கேட்டால் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள், எனக்குள் ஒரு சின்ன அலட்சியம் வரும். இப்போது நான் அந்தப் பக்கம் நிற்கிறேன். போனில் தேடிப் பார்க்காமலா இருந்தேன், பார்த்தேன், ஒருவர் மஞ்சளைப் பாலில் போடு என்கிறார், அடுத்த வீடியோவில் ஒரு மனிதர் வாசற்படியில் கால் எழும்பாமல் சிலையாக நிற்கிறார், அவர் முகத்தில் இவர் முகம் தெரிந்தது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். புத்தகம் என்றால் அப்படி மேலே வந்து விழாது. ஒரு முனை இருக்கும், அந்த முனையிலிருந்து பிடித்துக்கொண்டு போகலாம். முனை எது என்பதுதான் இப்போது பிரச்சினை.

எழுந்துவிட்டேன். இந்த முறை உட்காரக் கூடாது. நரம்பு சம்பந்தமாக இருப்பவை மேல் தட்டில், கையை உயர்த்தி எடுக்கிறேன். முதலாவது கனமானது, வேறு மொழியிலிருந்து பெயர்த்தது, ஒரு வாக்கியத்தின் தலையும் காலும் வேறு வேறு பக்கத்தில் கிடக்கின்றன. ஓரம் முழுக்க வெள்ளை. யாரும் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை, என் வழிப்படி இது தள்ளுபடி. இரண்டாவது கேள்வி பதில். அழுக்கு பாதியில் நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பார்த்தால், இது பிள்ளைகளுக்கும் வருமா என்ற கேள்வியில் நிற்கிறது. அந்தப் பதிலைப் படித்துவிட்டு யாரோ மூடியிருக்கிறார்கள், மூடினவர் ஆணா பெண்ணா, அவருக்கு எத்தனை பிள்ளைகளோ. எங்களுக்கு ஒரே மகள், ஓசூரில் இருக்கிறாள், இன்னும் சொல்லவில்லை. நானும் மூடிவிடுகிறேன். மூன்றாவது சின்னப் புத்தகம். ஒரு வைத்தியர் எழுதியது, அட்டையில் அவரே சிரிக்கிறார், ஒரு மண்டலத்தில் நடுக்கம் ஓடிப்போகும் என்று எழுதியிருக்கிறது. ஓரத்தைப் பார்க்கிறேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் பழுப்பு, பழுப்பென்றால் சாதாரணப் பழுப்பு இல்லை, எண்ணெயும் விபூதியும் வேர்வையும் சேர்ந்த கறுப்பு. என் இத்தனை வருஷ வழியின்படி இதுதான் முதல் புத்தகம், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியது. காளானுக்கும் தேனீக்கும் சரி, அங்கே ஆட்கள் படித்தது தெரிந்துகொள்வதற்காக. இங்கே படித்தது தெரிந்துகொள்வதற்கா, இல்லை சரியாகிவிடும் என்று யாராவது சொல்லிக் கேட்பதற்கா. அந்த அழுக்கு அவ்வளவும் நம்பிக்கை. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, என் விரலும்தான் அதில் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு மண்டலம்தானே என்று இரண்டு பக்கம் படித்தும்விட்டேன், முருங்கைப் பட்டை, வெள்ளாட்டுப் பால். கையில் இருந்த அளவுகோலை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இனிமேல் யார் வந்து கேட்டாலும் எதை வைத்துக் கொடுப்பேன். இன்றைக்கு எனக்கே எதை வைத்து எடுத்துக்கொள்வேன். அழுகை வருகிறது, பெரியவர் இருக்கிறார், அழ முடியாது.

கீழ்த் தட்டில் ஒரு புத்தகம் முதுகை உள்ளே காட்டி, தாள் ஓரத்தை வெளியே காட்டித் தலைகீழாகச் சொருகியிருக்கிறது. எனக்கு இதைக் கண்டால் ஆகவே ஆகாது. எத்தனை தடவை எழுதி ஒட்டியிருக்கிறேன், எடுத்த புத்தகத்தை மேசையில் வையுங்கள், நீங்களாகச் சொருகாதீர்கள் என்று, படித்தவர்கள்தான் கேட்க மாட்டார்கள். அழுகை போய்ப் பழைய எரிச்சல் வந்ததில் கொஞ்சம் நிம்மதிகூட. குனிந்து இழுக்கிறேன். நடுத்தரக் கனம், நரம்பு வைத்தியர் ஒருவர் நோயாளி வீட்டாருக்காக எழுதியது, தமிழ் தமிழாக இருக்கிறது. ஓரத்தில் அழுக்கு இல்லை. நீலம் இருக்கிறது. முதல் தாளிலிருந்து ஏறக்குறைய பாதி வரைக்கும் நீலமாக எதையோ தேய்த்து வைத்திருக்கிறது, அந்த இடத்தில் ஓரத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு, அதற்குமேல் வெள்ளை. விரலால் தொட்டால் மாவாக ஒட்டுகிறது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, முப்பது வருஷமாக என் வீட்டுத் துண்டிலும் தலையணையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற சாக்பீஸ் தூள் அது, டைலர் துணியில் அளவுக் கோடு போடுகிற சாக்பீஸ். கல்யாணமான புதிதில் கடையில் கூடமாட உதவப் போனபோது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். நீளக் கோட்டு மேலயே கத்தரியை விடு, குறுக்குக் கோடு வந்தா நிறுத்திரணும், தாண்டுனா துணி போச்சு. அலமாரியைப் பிடித்துக்கொள்கிறேன். டாக்டரைப் பார்த்ததிலிருந்து போன வாரம் வரைக்கும் என்னைக் கூட்டிப்போக நேரத்துக்கு முந்தியே வந்துவிடுவார், உள்ளே வந்து இந்த வரிசைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பார், என்ன பண்றீங்க என்றால் காத்தாடிக்கு நிக்கேன் என்பார். இந்த வரிசையில் மின்விசிறி ஓடி வருஷக்கணக்காகிறது, பழுதென்று மேலே எழுதிப் போட்டவளே நான்தான். கல்யாணப் பத்திரிகையைப் படிக்கவே எழுத்துக் கூட்டுகிற மனிதர், நின்றுகொண்டே, வெக்கையில். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பிக்கிறேன். இந்த நடுக்கம் கை வேலை செய்யும்போது பெரும்பாலும் அடங்கும், ஓய்ந்திருக்கும்போதுதான் தெரியும் என்று இருக்கிறது. அதனால்தானா ஒரு நிமிஷம் சும்மா உட்காராமல் நான் உரிக்க வேண்டிய வெங்காயத்தையெல்லாம் வாங்கி உரிக்கிறார். வாசனை முதலிலேயே போய்விடலாம் என்று இருக்கிறது. பருப்பு அடிப்பிடித்து வீடே நாறியபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை மூக்கை எங்கே அடகு வைத்தீர்கள் என்று கேட்டேனே. முகத் தசைகள் இறுகுவதால் முகத்தில் உணர்ச்சி காட்ட முடியாமல் போகும், வீட்டார் இதைக் கோபம் என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்வதுண்டு என்று இருக்கிறது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எவ்வளவு நாள் அந்த முகத்தைப் பார்த்து, என் மேல் என்ன கோபம், என்னிடம் என்ன கசந்துவிட்டது என்று எனக்குள்ளேயே புழுங்கி, நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கோபமே இல்லை. உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாரோ, அது வெளியே வரத் தெரியாமல் நின்றிருக்குமோ. மருந்து உண்டு, முற்றிலும் போக்காது, பல வருஷம் கட்டுக்குள் வைக்கும், வேளை தவறக் கூடாது, நடக்க வேண்டும், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பகுதியே இருக்கிறது. டாக்டர் ஐயா, எனக்கு இப்போது கேள்விகள் இருக்கின்றன. பக்கம் புரட்டிக்கொண்டே வந்து என் கட்டைவிரல் நீலம் முடிகிற இடத்தில் நிற்கிறது. அடுத்த தாள் வெள்ளை. முன்னால் பொருளடக்கத்தில் பார்த்துவிட்டேனே, விழுவது, விழுங்குவது, மறதி, படுக்கை. அதற்கெல்லாம் இந்தக் கோடு. வேண்டாம் பாக்கியம், இதுவரைக்கும் போதும் என்கிறது கோடு. சரி, போதும் என்று மூடப் போனவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டுமென்றால் அவர் அதைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். கடைசி வரைக்கும் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விழுவதையும் விழுங்குவதையும் படுக்கையையும் நின்றுகொண்டே தனியாகப் படித்து முடித்து, திரும்பி வந்து எனக்குக் கோடு போட்டிருக்கிறார். நான் அப்போது மேசையில் உட்கார்ந்து யாருக்கோ கோலப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்கிறது. பெரியவர் எப்போதோ போய்விட்டார், ஜன்னலை அவரே சாத்தியிருக்கிறார். புத்தகத்தை என் பெயருக்கு எழுதிக்கொள்கிறேன், விளக்கை அணைக்கிறேன், பூட்டுகிறேன், எல்லாம் கை தானாகச் செய்கிறது. இந்த வாரமெல்லாம் என் வீட்டுக்காரர் உள்ளே வருவதில்லை, தெருவிலேயே வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருக்கிறார். பெட்ரோல் என்ன கிணற்றிலா ஊறுகிறது என்று முந்தாநாள் சத்தம் போட்டேன். இப்போது தெரிகிறது. ஓடுகிற வண்டியில் கைப்பிடியும் நடுங்கும், மேலே இருக்கிற கையும் நடுங்கும், எது எதனால் என்று யாருக்கும் தெரியாது. கிட்டே போய் நிற்கிறேன். முகம் அதே முகம், அசையாத முகம். அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்று தெரிந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கெடச்சிருச்சா என்கிறார், என் பையைப் பார்த்து.

கெடச்சிருச்சு. தலகீழா இருந்துச்சு.

இல்லேன்னா உன் கண்ணுல படாதுல்ல. கோட்டத் தாண்டுனியா?

தாண்டல.

தாண்டாத. நாளைக்குக் கேக்க வேண்டியதெல்லாம் இந்தப் பக்கத்துலயே இருக்கு.

நீங்க தாண்டிட்டீங்களே என்று கேட்கிறேன். கேட்டிருக்கக் கூடாது, குரல் உடைந்துவிட்டது. எதிர்க் கடையில் ஷட்டரை இறக்குகிறார்கள், அந்தச் சத்தம் முடிகிற வரைக்கும் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் நின்றுவிடுகிறது. கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று தொடை மேல் வைத்துக்கொள்கிறார். அது நடுங்கிக்கொண்டே இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.